புளித்த மண்

"எல்லாரும் இருக்கீங்களா? நான் இருக்கேன். உங்கப்பா இருக்கார். பக்கத்து வயல் தொக்பே தம்பி இருக்கார். சரி, சொல்லு ஹேசுக், மண்ணு என்ன சொல்லுது?"

வரப்பில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கேட்டாள் மால்சுன். மே மாத வெயிலிலும் அவள் மடியில் கம்பளி கிடந்தது. கல்லீரல் போய்விட்டது. சியோலில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மகள் ஹேசுக் மண்ணில் குத்தியிருந்த மீட்டரைப் பிடுங்கி, துடைத்துப் பார்த்தாள்.

"பி.எச். அஞ்சுக்குக் கீழம்மா. சுண்ணாம்பு போட்டப்போ ஆறரை வந்துச்சு. சரி பண்ணப் பண்ண மறுபடி புளிச்சுப் போகுது. அடியில ஒரே சேறு வேற. வேர் அழுகாம என்ன செய்யும்?"

முழங்கால் உயரத்தில் கஞ்சாச் செடிகள் மஞ்சளடித்து நின்றன. கொரியாவின் ஆந்தோங் பக்கத்தில் அதைப் புகைக்க வளர்ப்பதில்லை. இலையை அரசாங்க ஆள் முன்னால் எரித்துவிட வேண்டும். தண்டில் நார் உரித்து நெய்யும் துணிதான் போகிறவர்களுக்குக் கடைசி உடுப்பு. ஊரில் பாதிப் பேரை மால்சுன் நெய்த துணியில்தான் அனுப்பிவைத்தார்கள். தனக்கு மட்டும் அவள் நெய்துகொள்ளவில்லை. இந்த வருஷம் விதைக்கும்போதுதான் சொன்னாள்: "இதுல எனக்கொரு உடுப்பு நெய்து முடிச்சுட்டா நிம்மதியா கிளம்பிடுவேன்."

அவள் கிளம்புவதற்குள் செடி தேறுமா? வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை.

"எல்லாம் இவன் வேலை," என்றார் அவள் கணவர் பான்சு, தொக்பேயைக் காட்டி. "புளூபெர்ரிக்குப் புளிச்ச மண்ணு வேணும்னு மூட்டை மூட்டையா கந்தகம் கொட்டுறான். அதுதான் இங்க வருது."

"அண்ணே, என் வயல் பள்ளத்துல கிடக்கு. கந்தகம் மேடேறி வருமா? உங்க மூளைதான் பள்ளத்துல இறங்கிடுச்சு."

"யாரைப் பார்த்துடா சொல்ற?"

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு எனக்கு முன்னாடி போயிடாதீங்க," என்றாள் மால்சுன். "உடுப்பு ஒண்ணுக்கே வழியில்ல."

தொக்பே தலையைச் சொறிந்தான். "அண்ணி, எங்க அக்கா பெட்டியில நல்ல துணி மடிச்சு வச்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் அவசரமில்ல. எடுத்துட்டு வரட்டுமா?"

பான்சு சட்டென்று நிமிர்ந்தார்.

"வேணாம் தம்பி. ஊருக்கே நெய்தவ இரவல் துணியில போனா எனக்கே சிரிப்பு வந்துடும். அப்புறம் பொணம் சிரிச்சுதுன்னு நீங்க கதை கட்டுவீங்க." கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து தூவுங்க. தண்ணி மட்டும் காட்டாதீங்க. விரலை விட்டுப் பாருங்க, ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தாத்தான் தண்ணி."

"நான் மடையைத் தொடவே இல்லையே," என்றார் பான்சு. அப்போதே சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். செடிக்குச் செடி குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூவினார்.

ஹேசுக் அம்மாவின் காதருகே குனிந்தாள். "யாரோ வேணும்னே பண்றாங்கம்மா. சாயங்காலம் பார்த்தா காஞ்சிருக்கு, விடிஞ்சா சேறு. இன்னிக்கு ஒளிஞ்சிருந்து பிடிக்கப் போறேன்."

"பிடிச்சு?"

"போலீஸ்ல குடுப்பேன். சாகப் போற மனுஷியோட துணியில கை வைக்கறவன் மனுஷனா?"

"சரி, சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போனா உன்னால ஒரு கோழியைக்கூடப் பிடிக்க முடியாது."

இருட்டுவதற்கு முன்பே சாப்பிட உட்கார்ந்தார்கள். சோயா விழுதுக் குழம்பு, கிம்ச்சி, சோறு. மால்சுன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

"இந்த விளைச்சல் தேறலன்னா?" என்று ஹேசுக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் விதைப்போம்."

"அடுத்த வருஷமா..." ஹேசுக் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா. நெய்து முடிக்காம எப்படிப் போறது? எந்த வேலையையாவது நான் அரைகுறையா விட்டுட்டு எழுந்து பார்த்திருக்கியா? இருந்துதான் ஆகணும்."

பான்சு தலை நிமிராமல் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். மால்சுன் படுத்த நாளிலிருந்து அவர் இரண்டாம் முறை சோறு கேட்டதில்லை.

சாப்பிட்டு எழுந்ததும், "மாட்டைப் பார்த்துட்டு வரேன்," என்று வெளியே சமையலறைப் பக்கம் போனார்.

ஹேசுக் ரப்பர் பூட்ஸை எடுத்து வாசலில் வைத்தாள். "டார்ச் எங்கம்மா?"

"உள் ரூம்ல பாரு. பழைய மெத்தைக்குக் கீழ இருக்கும்."

"மெத்தைக்குக் கீழயா? அங்க யாரு வச்சது?"

"பாரேன்டி."

ஹேசுக் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். மெத்தைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. மால்சுன் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, வீட்டின் ஒரே வாசலுக்கு வந்தாள்.

முற்றத்தில் பான்சு, கைக்கொன்றாக இரண்டு பெரிய வினிகர் கேன்களைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் கால் வைத்து, மாட்டுக் கொட்டிலைத் தாண்டிக் கஞ்சா வயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் கால் இடறாமல் இருக்க மால்சுன் வெளி விளக்கைப் போட்டாள். பிறகு, மகள் திரும்பி வருவதற்குள், அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.