காக்காக் கடி

பள்ளியில் நற்குண விளையாட்டுக்குத் தந்த கைவளையம், மிதுலா எதையாவது பகிர்ந்துகொண்டால் பச்சையாக மின்னி மதிப்பெண் சேர்க்கும். இன்று அது சார்ஜில் கிடந்தது.

"அம்மாவுக்கும் கொஞ்சம் கமர்கட் குடுடி" என்றாள் ஓவியா.

"இப்பக் குடுத்தா பச்சை எரியாதும்மா. நாளைக்குத் தரேன்."

ஓவியாவுக்குப் பள்ளித்தோழி அஃப்ரினின் நினைவு வந்தது. எச்சில் படாமல் கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றிக் கடித்து, பெரிய துண்டை இவளுக்குத்தான் நீட்டுவாள். வெல்லத்தோடு வந்த அந்தச் சட்டையின் சோப்பு வாசம் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

மகளின் சட்டை நுனியில் கமர்கட்டைச் சுற்றி, "ம், காக்காக் கடி கடி" என்றாள். மிதுலா சிரித்தபடி கடித்தாள். பெரிய துண்டை அம்மாவின் வாயில் போட்டதும் சட்டென்று முகம் வாடினாள்.

"மிஸ்கிட்ட சொல்லிடாதம்மா. வளையம் இல்லாமக் குடுத்துட்டேன்."