பிரெட்டின் கடிதங்கள்

என் மனைவி ஜேனின், தான் கடைசியாக எழுதிய கடிதத்தின் அடியில் 'பிரெட்' என்று கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. நான் ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தேன்.

"பொண்டாட்டி செத்துப்போய் ஒரு வாரந்தான் ஆவுது. இந்த ஆளுக்கு என்னன்னு எழுதறது?" என்றாள்.

டக் என்று ஒரு சுரங்கப் பொறியாளர், கல்கூர்லியில் இருப்பவர். மூன்று மாதமாக அவரை ஒரு வேலைக்குக் கனியவைத்துக்கொண்டிருந்தாள். பிரெட்டின் பெயரில்.

"ஆறுதல்லாம் வேணாம். குப்பைத் தொட்டிய வெளிய வைக்கச் சொல்லு. எங்கம்மா செத்தப்ப நான் மறந்தது அது ஒண்ணைத்தான்" என்றேன், வாயில் ரொட்டியோடு.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த ஊர் நகராட்சியின் பக்கத்தைத் திறந்து, டக்கின் தெருவுக்குக் குப்பை லாரி என்றைக்கு வருகிறது என்று தேடினாள். திங்கட்கிழமை.

'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும்' என்று முடித்து அனுப்பினாள்.

அவள் வேலை செய்தது பெர்த்தில், சுரங்கங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். அங்கே இரண்டு சாதி. தேடுபவர்கள், அமர்த்துபவர்கள்.

தேடுபவர் ஆளைக் கண்டுபிடிப்பார். அவர் வளர்க்கும் நாயின் பெயர்வரைக்கும் கண்டுபிடிப்பார். அமர்த்துபவரின் பெயரில் கடிதம் எழுதி மனத்தைக் கரைப்பார். அதன்பிறகு அமர்த்துபவர் போனை எடுத்து, "எப்ப சேர்றீங்க?" என்று கேட்பார்.

ஆள் சம்மதித்ததும் ஹாலில் தொங்கும் பித்தளை மணியை அடிப்பது அமர்த்துபவரின் உரிமை. தேடுபவர்கள் கைதட்டலாம்.

மணி அடிப்பவருக்கு ஜன்னலோர மேஜை, வருஷத்துக்கு ஒருமுறை பாலித் தீவுக்கு டிக்கெட், ஜேனினைப்போல் இரண்டரை மடங்கு சம்பளம். தேடுபவர்களின் மேஜை கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே.

தன்னை அமர்த்துபவராக்கும்படி ஜேனின் இரண்டு முறை கேட்டிருந்தாள். இரண்டு முறையும் மேலாளர் லினெட் சொன்ன பதில் ஒன்றுதான்.

"உனக்கு மனுஷங்களோட பழக வராதேம்மா. பிரெட்டைப் பாரு. அவன் லெட்டரைப் படிச்சா எனக்கே கண்ணு கலங்குது."

அந்த பிரெட் ஒரு விருந்தில் பொறியாளர் ஒருவரின் தோளைத் தட்டி, "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டவன். அந்த நாய் செத்துப்போனதற்கு இரங்கல் தெரிவித்து முந்தின வாரம்தான் அவன் பெயரில் இரண்டு பக்கக் கடிதம் போயிருந்தது. பொறியாளர் அங்கேயே அழுதுவிட்டார். தன் பேச்சின் சக்தி அது என்று பிரெட் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறையாகக் கேட்க, அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லினெட் அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார். ஜேனின் நீலச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

"இன்னிக்கும் இல்லேன்னா, அந்த மணியக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துடுவேன், பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டே முக்காலுக்கு ரயில் நிலையப் படியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அடக்கத்துக்கு நிறுவனத்திலிருந்து பிரெட் வந்திருந்தான். கையில் பாதி தின்ற சாசேஜ் ரோல். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"டக் ஒத்துக்கிட்டாரு. லெட்டர் மனசைத் தொட்டுடுச்சாம்" என்றான். "மணி அடிக்கறப்ப அவளைத்தான் நெனச்சுக்கிட்டேன், நண்பா. அவ போனதிலேருந்து எனக்கு ஒரு வரிகூட எழுத ஓடல."

அடுத்த சனிக்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. தடித்த தாள், நிறுவனத்தின் முத்திரை. என் அக்காதான் முதலில் படித்தாள்.

"இந்த பிரெட் எவ்வளவு நல்ல மனுஷன்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

மேலே என் பெயர். கீழே அவன் பெயர். நடுவில், கடைசி வரிக்கு முன்னால்:

'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துவிடாதீர்கள்.'

மறுநாள் சாயங்காலம் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவோரம் வைத்தேன்.

எங்கள் தெருவுக்குக் குப்பை லாரி வருவது வியாழக்கிழமை.