வலையில்லாத படகு

இரண்டாவது அடியில் வீரராகவனின் வெள்ளைத் தொப்பி ஏரிச் சேற்றில் விழுந்தது.

அடித்தது அவருடைய சொந்தத் துடுப்பு. அவரே இழைத்து, அவரே வார்னிஷ் பூசியது. அதனால் நன்றாகவே வேலை செய்தது.

"தண்ணில இன்னா கலந்தே? சொல்லு நைனா" என்றான் கஜபதி. ஏரியின் மீன் குத்தகை அவனுடையது. அவன் கால் வீரராகவனின் பிடரியில் இருந்தது.

"ஒண்ணும் கலக்கல. நான் யாட்டிங் வந்தேன்."

"அப்டின்னா?"

வாய் நிறையச் சேறும் ரத்தமும் இருக்கும்போது ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வது சிரமம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்த எவரையும் வீரராகவன் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"படகுல போறது. வேலைக்காக இல்ல, காத்து வாங்க. வெள்ளைக்காரப் பெரிய மனுஷங்க செய்யறது."

"காத்து ஊட்டு வாசல்லயே கீதே! அதுக்கு இன்னாத்துக்குப் படகு?" என்றபடி, கஜபதியின் ஆள் சம்பத் படகைக் குப்புறக் கவிழ்த்துத் தேடினான். "வலை இல்ல அண்ணாத்தே. தூண்டில் கூட இல்ல."

அதுதான் வினையாகிப்போனது.

வலையோடு அகப்பட்டால் அவன் மீன் திருடன். வலையைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் இரண்டு வைத்து, அம்மா அக்காவையெல்லாம் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வலையில்லாமல் ஏரியில் இறங்குகிறவன் வேறு ரகம். போன ஆடியில் அப்படி ஒருவன்தான் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டுப் போனான். விடிந்து பார்த்தால் கெண்டையும் விராலும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏரி முழுக்க மிதந்தன. கலக்கிய கையை முறிப்பேன் என்று கஜபதி அன்றே சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

இது அவர் குடியிருந்த ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். வீரராகவனுக்கும் தெரியும்.

'மீன் திருட வந்தேன்' என்று சொன்னால் போதும். கை பிழைத்துவிடும்.

ஆனால் ஏரிக்கரை மேல், குடை பிடித்தபடி உலகநாதன் நின்றிருந்தார்.

உலகநாதனுக்கு வேப்பம்பட்டில் சொந்த வீடு. பிள்ளை பேங்கில் இருந்தான். வீரராகவனின் மகள் தாட்சாயிணியைப் பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரியை விழுங்கிவிட்டு, "உங்களுக்குப் பொழுதுபோக்கு எதுனா உண்டா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதுதான் தாமதம். டெல்லியில் ஏஷியாட் விளையாட்டு நடந்த வருஷம் கிளப் டீவியில் யாட்டிங்கைக் கண்டதில் தொடங்கி, பெட்டிப் பலகையில் படகு செய்து, கூடாரத் துணியில் பாய் தைத்தது வரைக்கும் காபி ஆற ஆறக் கேட்க வேண்டியதாயிற்று.

படகு அதுவரை தண்ணீரைப் பார்த்ததில்லை என்பதை மட்டும் வீரராகவன் சொல்லவில்லை. அது கொல்லையில் நின்றது. பாய்மரத்தில் துணி காய்ந்தது.

"அப்ப ஒரு தரம் பார்த்துடலாமே. தட்டு மாத்தறதை அப்புறம் வச்சுக்குவோம்" என்றார் உலகநாதன்.

பார்க்கத்தான் இன்று வந்திருந்தார். பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அவர் காதுபட, பெண்ணைப் பெற்றவன் தன்னைத் திருடன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

"கடைசியாக் கேக்கிறேன். இன்னாத்துக்கு வந்தே?"

"யாட்டிங்" என்றார் வீரராகவன்.

துடுப்பு இறங்கியது. கரும்பை ஒடிப்பதுபோல் மணிக்கட்டில் ஒரு சத்தம். அத்தனை வருஷமாய்ச் சேர்த்து வைத்த இங்கிலீஷில் ஒரு சொல்லும் அந்நேரம் உதவிக்கு வரவில்லை. "அய்யோ, அம்மா!" என்றுதான் கத்தினார். விலாவில் சம்பத்தின் உதை விழுந்ததும் அதுவும் நின்றது.

"இன்னொரு கையை இழுத்து நீட்றா" என்றான் கஜபதி.

சம்பத் இழுத்து நீட்டி, முழங்கை மேல் ஏறி நின்றான்.

"நிறுத்துங்க!"

குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உலகநாதன் கரையிலிருந்து இறங்கி வந்தார். நின்று மூச்சு வாங்கினார்.

"அவர் எங்க சம்பந்தி. மீன் திருடத்தான் வந்தோம். அவர் ஓட்டினாரு, நான் மேல காவலுக்கு நின்னேன். உங்களைப் பார்த்த பயத்துல வலையைத் தண்ணியில போட்டுட்டாரு."

கஜபதியின் முகம் தெளிந்தது. வந்ததிலிருந்து அவனுக்குப் புரிகிற மாதிரி ஒருவர் பேசியது அப்போதுதான்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? ஒரு கை வீணாப் பூட்சே!" என்று உண்மையான வருத்தத்துடன் காலை எடுத்தான். சம்பத்தும் முழங்கையிலிருந்து இறங்கினான்.

சேற்றில் கிடந்த வீரராகவனின் கண்ணில் நீர் வந்தது. கைக்காக அல்ல. சம்பந்தி! எப்பேர்ப்பட்ட மனிதர்! தனக்காகத் திருட்டுப் பட்டம் சுமக்கிறார். இனத்தோடும் குணத்தோடும் அமைந்த இடம் என்பது இதுதான்.

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, இடது கன்னத்தைத் தாமாகவே திருப்பிக் காட்டினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கஜபதி குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அட, நம்ப ஒலகநாதன்! கண்ணாடி போட்டுகினு வந்தா எனுக்கு இன்னா தெரியும்? போன வாட்டி வலையோட மாட்னப்ப வுட்டதுல பூட்சே, அந்தப் பல்லு இன்னாச்சு?"

உலகநாதன் சம்பந்தியின் பக்கம் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்.

"கட்டிக்கிட்டேன்."