போர்ச்சுகல்காரன்

ஸ்தனிஸ்லாஸ் மச்சாடோ, வயது இருபத்தாறு, தூத்துக்குடிக்காரன், லண்டனில் ஓர் ஆவணக்காப்பகத்தின் படிக்கட்டில் நின்று வீட்டுக்குச் செய்தி சொன்னான். அவன் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொண்டது.

“இருநூத்தி நாப்பது வருசத்துக்கு முன்னால கரீபியன் கடல் சண்டையில செத்தவங்க பட்டியல்ல மிக்கேல் மச்சாடோன்னு ஒருத்தன் இருக்கான். பக்கத்துல போர்ச்சுகல்காரன்னு எழுதி வச்சிருக்கானுவ. அது போர்ச்சுகல் சாமியாருங்க ஞானஸ்நானத்துல வச்ச பேரு, ஆளு நம்ம ஊருதான். என் ஆராய்ச்சிப் பேராசிரியர் நம்ப மாட்டேங்காரு. ஆதாரம் இல்லன்னா ஆராய்ச்சிய விட்டுருங்காரு.”

காலையில் வாசலில் அவனுடைய அடையாள அட்டையில் மச்சாடோ என்ற பெயரைப் பார்த்த காவலாளி, “போர்ச்சுகலா?” என்று கேட்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போயிருந்தான். அதை அவன் போனிடம் சொல்லவில்லை.

“இத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறவுங்க, பங்குச் சாமியார்ட்டப் போயி பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்துல அந்தப் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”