பன்னிரண்டாவது லைப்ரரி

"பதினோரு லைப்ரரி. மூணு மாசம். என்னதாம்மா பண்ணிண்டிருந்தே?"

திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிர் ஓட்டலில் சௌரிராஜனின் குரல் கல்லாப்பெட்டி வரை கேட்டது.

எதிரே தேன்மொழி. சத்தியவேட்டுப் பெண், வீட்டின் முதல் இன்ஜினீயர். சௌரிராஜன் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சென்னையில் வேலை. போடாவிட்டால் அம்மாவோடு அவளும் தொழிற்சாலை பஸ் ஏற வேண்டியதுதான்.

சௌரிராஜனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். திருப்பதியில் பிறந்து, தொண்ணூற்றெட்டில் அமெரிக்கா போய், இரண்டு பையன்களைப் பெற்று, ஊர்ப்பாசம் தாங்காமல் யாத்ரீகர்களுக்கு பஸ் நேரம் சொல்லும் மென்பொருளை இலவசமாகத் தந்தவர். ஓப்பன் சோர்ஸ். யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம். பாராட்டு மட்டும் அவருக்கு.

அந்த மென்பொருளுக்குள் வெளியார் எழுதிய பதினோரு லைப்ரரிகள், அதாவது இரவல் நிரல்கள், நகலெடுத்து வைக்கப்பட்டிருந்தன. எழுதியவர்கள் ஓட்டைகளை அடைத்துப் புதுசு வெளியிட்டும் இங்கே ஆறு வருஷப் பழசே ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை மாற்றுவதுதான் தேன்மொழியின் வேலை. சம்பளம் கிடையாது. சேவை.

"எழுதினவா பேரெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கியோ?"

"பதினொண்ணுக்கும் போட்டுட்டேன் சார்."

"அதான் தர்மம். அடுத்தவன் உழைப்பை எடுத்துண்டு அவன் பேரை மறைக்கறவன் மனுஷனே இல்லை. அந்த நேர்மை வேலையிலயும் இருக்கணும். ஒரு மாச வேலைக்கு மூணு மாசம் எடுத்துக்கறவாளுக்கு நான் கையெழுத்துப் போடறதில்லை."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

தேன்மொழி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"பதினொண்ணும் மொத மாசமே முடிஞ்சிடுச்சு சார். இன்னொண்ணு இருந்துச்சு."

"லிஸ்ட்லயே பதினொண்ணுதானே?"

"இது லிஸ்ட்ல இல்ல சார். தேதிக் கணக்கு போடுதே, அது. பிப்ரவரி இருபத்தொம்பது வந்தா பஸ்ஸே காட்டல."

"அது நான் சொந்தமா எழுதினது! அதுக்குத்தான் ஹைதராபாத்ல சால்வை போட்டா. அதைத் தொடச் சொல்லி யார் சொன்னா?"

"அதே ஓட்டை ஜெர்மனிக்காரர் ஒருத்தரோட லைப்ரரியிலயும் இருந்துச்சு சார். தொண்ணூத்தாறுல எழுதிக்கீறாரு. அவரு எப்பவோ அடைச்சிட்டாரு."

"ஒரே மாதிரி யோசிக்கறவா ரெண்டு பேர் இருக்கப்படாதோ?"

"இருப்பாங்க சார். ஆனா சரியா ஓடுதான்னு பாக்க அவரு ஒரு தேதி போட்டு, 'இது என் மகள் பிறந்த நாள்'னு பக்கத்துல எழுதி வச்சிக்கீறாரு. உங்களுதுலயும் அதே தேதி. அதே மகள்."

இரண்டு பையன்களின் தகப்பனார் காபி டம்ளருக்குள் எதையோ தேடினார்.

"யார்கிட்ட சொன்னே?" குரல் இப்போது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லல சார். அவரோட புதுச உள்ள வச்சிட்டேன், இப்ப பஸ் காட்டுது. இன்னும் வெளிய விடல. பேர் போடற எடத்த மட்டும் காலியா விட்டுக்கீறேன். நான் போட்டா கண்டுபுடிச்ச மாதிரி ஆயிடும். நீங்களே போட்டா, மறந்துபோனத போட்ட மாதிரி இருக்கும். இத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சார், ரெண்டு மாசமா ரோசன பண்ணிக்கினு இருந்தேன்."

சௌரிராஜன் மெல்லப் பேனாவை எடுத்துத் திறந்தார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

தேன்மொழி கடிதத்தின் மேல் கை வைத்தாள்.

"எனக்கு அப்புறம் போடுங்க சார். மொதல்ல அவரு பேரப் போடுங்க."