விளாவாத தண்ணீர்

அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை அப்படியே பிளாஸ்டிக் டப்பில் ஊற்றினேன். ஒரு பிடி கல்லுப்பு போட்டேன். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். பச்சைத் தண்ணீர் மட்டும் விளாவவில்லை.

வேண்டுமென்றேதான்.

கூடத்தில் என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார். புது மாப்பிள்ளை தோற்றுவிடுவான். இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறவர். அடுத்த வருடம் ரிட்டயர்டு.

அவர் பாதம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? குதிகாலில் பித்தவெடிப்பு, காசு சொருகலாம். பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு, தட்டினால் சத்தம் வரும். எங்கள் வீட்டுப் போர்வைகள் நூல் பிரிந்ததெல்லாம் அந்தக் குதிகாலால்தான். மெழுகை உருக்கி எண்ணெயில் குழைத்துக்கொண்டு நான் அவர் பின்னாலேயே அலைந்த காலம் உண்டு. டிரைவர் காலுக்கு எதற்கு அலங்காரம் என்று விரட்டிவிடுவார். அந்தக் காலைப் பற்றிப் பெருமை வேறு. வலது காலை பிரேக்கில் வைத்தால், ரோட்டில் கிடக்கிற கூழாங்கல்கூட அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

அந்த மனிதர்தான் மூன்று மாதமாக, வேலை முடிந்து வந்ததும் காலை ஊறவைக்கிறார். கல் வைத்து மெதுமெதுவாகத் தேய்க்கிறார். விரலிடுக்கு ஒன்று விடாமல் ஈரம் துடைக்கிறார். எண்ணெய் தடவி, அதற்கு மேல் வெள்ளை சாக்ஸ். சாக்ஸோடுதான் படுக்கையே.

யாருக்காக?

தலை சீவக்கூடக் கண்ணாடி பார்க்காதவர், கைக்கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கிறார். அதைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். கண்டும் காணாதது போல இருந்தேன்.

போன வாரம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து வலது காலைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தவர் மாதிரி முழித்தார். எங்கேயோ கழன்றிருக்கும் என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒரு மனிதர் தெரு முழுக்க நடந்து வருவாராம். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

தங்கைக்குப் போன் போட்டேன்.

“அக்கா, அவசரத்துல யார் வீட்டு வாசல்லயோ விட்டுட்டு வந்திருக்காரு” என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டபோது ஆத்திரமாக வந்தது. முப்பது வருடக் குடித்தனம் ஒற்றைச் செருப்போடு போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அதனால்தான் விளாவவில்லை. சுரீரென்று பட்டதும் துள்ளிக் குதிப்பார். பொய் சோடிக்க நேரம் இருக்காது. அந்த நொடியில் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

டப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, விரல் நுனியை விட்டுப் பார்த்தேன். உயிர் போனது. வெடுக்கென்று எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பாவம், ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா என்று மனம் இளகியது. செருப்பு ஞாபகம் வந்தது. ஊற்றவில்லை.

செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல் இரண்டு கால்களையும் உள்ளே வைத்தார்.

யார் அவள் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அவர் துள்ளவில்லை. செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“தண்ணி ஆறிப்போச்சு போலிருக்கே. இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தும்மா.”

தண்ணீரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் கணுக்காலுக்குக் கீழே தோல் செக்கச்செவேலென்று மாறிக்கொண்டிருந்தது.

டப்பை ஒரே தள்ளாகத் தள்ளினேன். தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. தரையில் உட்கார்ந்து அவர் காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பாதம் கொதித்தது. உள்ளங்காலில் நகம் பதியக் கிள்ளினேன். அவர் கால் அசையவே இல்லை. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

கைக்கண்ணாடியில் அவர் முகம் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளங்காலில் எங்காவது காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பட்டாலும் அவருக்குத் தெரியாது. செருப்பு கழன்றதும் நிஜமாகவே தெரிந்திருக்காது.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சத்தம் போடாத. இன்னும் எட்டு மாசம்தான். யார்கிட்டயும் சொல்லிடாத.”

ஆணியில் காக்கிச் சட்டை தொங்கியது. நாளைக் காலை முதல் பஸ் அவருடையது. என் தங்கை அதில்தான் வேலைக்குப் போகிறாள், தினமும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து.

என் மடியில் இருந்தது அவருடைய வலது கால்.

அப்படி ஒருத்தி இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.