பின்சீட்டு

"பின்னாடி ஆராச்சும் உக்காருவாங்களாங்ணா?"

டயர் கடைக்காரர் தாமோதரன் சாதாரணமாகத்தான் கேட்டார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

நாலு மணிக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்கு, சிங்காநல்லூரில் மாமியார் வீட்டு வாசலில் மகள் நிற்பாள். எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு போகலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு இஷ்டமிருந்தால் மட்டும் என்றும் சொல்லியிருந்தது.

இது முதல் ஞாயிறு.

"அவ உங்க வண்டில ஏற மாட்டா." காலையில் போனில் மனைவி சொன்னது அவ்வளவுதான்.

ஏன் ஏற மாட்டாள்? புது வீலைப் பார்த்தால் ஓடி வருவாள்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தான், மடையன்.

வண்டி பழைய எஸ்டீம் கார். இன்ஜினைப் பிரித்து மேய்ந்து வேகம் ஏற்றியிருந்தான். ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாக இறக்கியிருந்தான். டயர் நாலும் வழுக்கை. மாற்றியே ஆக வேண்டும். வெகுநாளாகக் கண்ணிலேயே நின்ற வெண்கல நிற அலாய் வீல்கள், பட்டை டயரோடு இப்போது வண்டியில் ஏறியிருந்தன. பார்க்க அட்டகாசமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

"ஆள் உக்காந்தா டயர் மட்கார்டுல இடிக்குமுங்ணா. ஒரு ரவுண்டு போய்ப் பாத்துருவோம். பசங்க சாப்பிடப் போய்ட்டாங்க. நீங்களே பின்னாடி ஏறிக்குங்க, நான் ஓட்டறேன்."

பின்சீட்டு மகளுடைய இடம். அவன் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

முழங்கால் இடித்தது. கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. எதிரே தாமோதரனின் பின்னந்தலைதான் தெரிந்தது. ரோடு தெரியவில்லை.

முதல் திருப்பம்.

கர்ர்ரக்.

டயர் தகரத்தில் உரசியது. காதுக்குப் பக்கத்திலேயே. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழைய டயரும் வேகத்தில் இப்படி உரசுவதுண்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒரு குஷி. பாட்டைச் சத்தமாக வைத்தால் அதுவும் கேட்காது.

அடுத்த திருப்பம். உடம்பு சரிந்தது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியைத் தேடினான். எடை குறையட்டும் என்று அதை அவனேதான் கழற்றி எறிந்திருந்தான்.

கை தானாக முன்சீட்டின் முதுகைப் பற்றியது.

விரலுக்கடியில் ஏதோ நெருடியது.

குனிந்து பார்த்தான்.

ரெக்ஸினில் கீறல்கள். சின்னச் சின்னதாய், பிறை பிறையாய், இரண்டு கைக்கும் இரண்டு கொத்து. சில இடங்களில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. ஒரே நாளில் விழுந்தவை அல்ல.

தன் நகத்தை ஒன்றில் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. அவன் நகம் பெரியது.

"ஜாலியா இருக்கா, கண்ணு?" திரும்பிப் பார்க்காமலே எத்தனை தடவை கேட்டிருக்கிறான்.

"ம்" என்றுதான் சொல்வாள்.

கதவைத் திறந்து அங்கேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

கடை வாசலில் வண்டி நின்றது.

"லேசாத்தாங்ணா ஒரசுது. மட்கார்டு ஓரத்த மடக்கி உட்டா சரியாயிரும்."

"கழட்டிருங்க."

"என்னங்ணா?"

"பழைய கம்பெனி ரிம்மே போதும். சின்ன டயராப் போடுங்க. ஸ்பிரிங்கையும் கம்பெனி ஸ்பிரிங்கா மாத்தி வண்டிய ஒசத்திருங்க. பின்னாடி ஒரு கைப்பிடி வேணும்."

தாமோதரன் வெண்கல வீலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நாளைக்குத்தாங்ணா முடியும். நாலு மணிக்கு வண்டி வேணும்னீங்களே?"

அவன் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"சிங்காநல்லூருக்கு பஸ்ஸு எங்கீங்க நிக்கும்?"